மூடிக்குள் சுற்றுவது

கைப்பிடி சுற்றிக்கொண்டிருக்கிறது, வெளியே கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான், ஒரு சாண் நீளத்தில் வார்னிஷ் பூசிய மரக் கைப்பிடி, அதைப் பிடித்திருப்பது தன் கைதானா என்று நேசமலருக்கே ஒரு கணம் சந்தேகம் வருகிறது, கருப்பு எனாமல் மூடிக்கு உள்ளே கோழி சுற்றுகிறதா, இல்லை கம்பி மட்டும் சுற்றிக் கோழி வெறுமனே தொங்குகிறதா, தெரியாது, திறந்து பார்க்கக் கூடாது, திறந்தா சூடு போயிரும் மாமி என்று மருமகன் ஃபோனில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான், ஆகவே உள்ளே ஏதோ நல்லது நடக்கிறது என்று நம்பிச் சுற்ற வேண்டியதுதான், கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பழகிப்போன வேலை, பாளையங்கோட்டை மொட்டை மாடியில் ஆராதனை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை வெயில், கரியின் புகை சேலையில் ஏறுகிறது, எதிரே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் கணவர், பேராசிரியர் பொன்துரை, கல்லூரி முதல்வராக ஓய்வு பெற்றவர், பட்டம், பதவி, முன்னாள் பதவி எல்லாம் சேர்த்து வாசல் பெயர்ப்பலகையில் மூன்று வரி பிடித்தவர், இப்போது அந்த நாற்காலியில் பாதிகூடப் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார், தொண்டையில் கட்டி வந்தது, ஊர்ப் பேச்சில் கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள், கட்டி போயிற்று, அது போகும்போது எச்சிலையும் ருசியையும் குரலையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிற்று, எதை வைத்தாலும் இரண்டு வாய், பிறகு தட்டைத் தள்ளிவிடுகிறார், நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும், இவர் வாயால சாப்பிட ஆரம்பிச்சுட்டாருன்னு நீங்க மனசாரச் சொல்லுங்க, நான் பொறுக்கேன், சொல்ல முடியலன்னா மூக்கு வழியா குழாய் போட்டுருவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார், குழாய் வேண்டாம் நேசம் என்று இவர் காற்றாக வருகிற குரலில் கெஞ்சுகிறார், அப்போ சாப்பிடுங்க அத்தான் என்று அவள் கெஞ்சுகிறாள், நடுவில் இந்தக் கோழி சுற்றுகிறது, சுற்றுகிறது என்று நம்புகிறாள்.

இந்த உருண்டை அடுப்பு முதன்முதலில் வீட்டுக்கு வந்தபோது பேச்சுக்குப் பஞ்சமில்லை, மகள் ஷைலாவும் மருமகன் ஜெபஸ்டினும் அமெரிக்காவிலிருந்து வந்தபோது வயிறு ஒரு பெட்டியிலும் கால்கள் இன்னொரு பெட்டியிலுமாகக் கொண்டுவந்து மாடியில் வைத்துப் பூட்டினார்கள், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து ஞானஸ்நானத் தொட்டியா சார் என்று கேட்டார், அந்த ஒரு கேள்விக்குப் பேராசிரியர் சொன்ன பதில் வெயில் தாழும்வரை நீண்டது, பக்கத்து வீட்டுக்காரர் அதன் பிறகு எதையும் எட்டிப்பார்த்ததில்லை, முதலில் கோழிக்காலும் மீனும் சுட்டார்கள், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நன்றாக இருக்கிறது என்பதோடு நின்றுவிட்டால் அவர் பொன்துரை ஆவாரா, எங்கேயோ படித்துவிட்டு வந்தார், ரொட்டிசெரி என்று ஒன்று இருக்கிறதாம், அடுப்பின் வயிற்றுக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு இரும்பு வளையம் உட்காருமாம், அதன் குறுக்கே ஒரு கம்பி, கம்பியில் முழுக்கோழி, ஓரத்தில் ஒரு மோட்டார், கோழி தன் கொழுப்பைத் தானே மேலே பூசிக்கொண்டு மெல்லச் சுற்றி வேகுமாம், அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை, ஒரு கல்யாண வரவேற்பில் வாழ்த்துரை சொல்ல ஏறியவர், இறைச்சியைத் திருப்புகிறவன் வெறும் சமையல்காரன், சுழற்றுகிறவனே நாகரிகம் அடைந்தவன் என்று முழங்கினார், பொண்ணும் மாப்பிள்ளையும் அதை இல்லற வாழ்க்கைக்கான புத்திமதி என்று நினைத்துத் தலையாட்டினார்கள், சரி, வாங்கிவிட வேண்டியதுதானே, அதுதான் நடக்கவில்லை, வளையம் எவர்சில்வரா எனாமலா, கம்பி உருண்டையா சதுரமா, கோழியைக் கவ்வுகிற முள்ளுக்கு இரண்டு பல்லா நாலு பல்லா, மோட்டார் எவ்வளவு எடை இழுக்கும், ஜெபஸ்டின் ஒரு படம் அனுப்புவான், இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அதில் ஒரு குற்றம் கண்டுபிடிப்பார், அவசரப்படாத மாப்ள, தேர்ந்தெடுக்கது ஒரு தவம் என்பார், தவம் வருஷக்கணக்கில் போயிற்று, அடுப்பின் கால்களில் துரு ஏறிற்று, அவள் தன் பழைய நூல் சேலை ஒன்றை அதன்மேல் போர்த்தி, பொட்டலம் கட்டுவதுபோல் கழுத்தில் முடிச்சுப் போட்டு வைத்தாள், துவைத்த துணிகளுக்குப் போடுகிற கிளிப்புகளை அதன் மூடிமேல் வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

ஆனால் உப்பு விஷயத்தில் அவருக்குத் தவமே தேவையில்லை, முதல் வாய் போட்டவுடன் தீர்ப்பு, அதற்கும் ஒரு சடங்கு உண்டு, சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துக் கண்ணை மூடுவார், மேசையைச் சுற்றி இருப்பவர்கள் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் கையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், கண் திறக்கும், ஒரு கல்லு கூட நேசம், அல்லது ஒரு கல்லு கொறய நேசம், சரியாக இருக்கிறது என்று ஒரு நாளாவது, ஷைலா கல்யாணத்தன்றுகூட, சொன்னதில்லை, அவள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர், துணியில் நூலிழை பிசகாமல் வெட்டுகிறவள், வீட்டில் ஒரு கைப்பிடி உப்பு அவளுக்குக் காலமெல்லாம் பிசகிக்கொண்டே இருந்தது, சவத்த ஒரு நாளு நீங்களே போட்டுச் சமைங்களேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், இந்த நாக்கின் புகழ் வீட்டோடு நிற்காமல் தேவாலயச் சபைக்கும் போயிற்று, வருஷத்துக்கு ஒரு தடவை சபையில் அசனம் நடக்கும், ஊரே பந்தியில் உட்கார்ந்து ஒரே அண்டாச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுகிற விருந்து, சபைப் போதகரான ஐயர் ஜெபம் பண்ணிப் பந்தியைத் தொடங்குமுன் யாராவது குழம்பில் உப்புப் பார்க்க வேண்டும், சபைச் செயலாளர் என்ற முறையில் அந்த உரிமை இவருக்கு வந்தது, பதவி போன பிறகும் உரிமை போகவில்லை, சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய வெள்ளிக் கரண்டி, வேர்வை ஒழுக நிற்கிற சமையல்காரர்களுக்கு நடுவில் புகையில் கண் கூசாமல் நின்று ஒரு சொட்டு நாக்கில் விடுவார், இன்னும் ஒரு கை போடு என்பார், தலைமைச் சமையல்காரர் மாசிலா சரி சார் என்று உப்புச் சட்டிக்குள் கையை விடுவார், எதையும் எடுக்காமல் வெறுங்கையை அண்டாவுக்கு மேல் இரண்டு தடவை ஆட்டுவார், துடுப்பால் கிண்டுவார், மறுபடி கரண்டி, மறுபடி ஒரு சொட்டு, இப்ப சரி என்பார் இவர், சமையல் கொட்டகை முழுக்க எல்லோருக்கும் தெரியும், வெங்காயம் உரிக்கிற பெண்களோடு உட்கார்ந்திருந்த நேசமலருக்கும் தெரியும், சேலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்திருக்கிறாள், அவருக்கு மட்டும் தெரியாது.

அந்தச் சிரிப்பு எங்கே போய் முடிந்தது, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், கரண்ட் வைக்கிற அறைக்கு வெளியே, உள்ளே அவர் முகத்தில் வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக்கை இறுக்கி மேசையோடு பூட்டிவிடுவார்கள், அசையக் கூடாது, பெரிய இயந்திரம் ஒன்று அவர் தலையைச் சுற்றி மெல்ல மெல்ல வரும், முதல் நாள் வெளியே வந்தவர், அப்போது குரல் இருந்தது, நேசம், இது தலகீழ் ரொட்டிசெரி பாத்துக்க, கோழி அசையாம கெடக்கு, அடுப்பு சுத்துது என்றார், அவள் தாழ்வாரம் எதிரொலிக்கச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறாக மாறிற்று, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த மற்றப் பெண்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டார்கள், கழுத்துத் தோல் கருத்து உரிந்தது, குரல் தேய்ந்தது, ஒரு நாள் ரசஞ்சாதம் கரைத்து வைத்தாள், ஒரு வாய் விழுங்கிவிட்டு அவர் கண்ணை மூடவில்லை, அவளைப் பார்த்து, நல்லா இருக்கு நேசம் என்றார், அவள் அடுக்களைக்கு ஓடி ரசத்தை வாயில் விட்டுப் பார்த்தாள், ரசம் எப்போதும்போல்தான் இருந்தது, அடுத்த நாள் கஞ்சியில் உப்பே போடாமல் வைத்தாள், நல்லா இருக்கு, அதற்கடுத்த நாள் வாயில் வைக்க முடியாதபடி உப்பை அள்ளிப் போட்டு வைத்தாள், நல்லா இருக்கு, இத்தனை வருஷம் எந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கினாளோ அந்த வார்த்தை வேளைக்கு வேளை தட்டோடு திரும்பி வந்தது.

பிறகு அசனம் வந்தது, இவரால் போக முடியவில்லை, மரியாதைக்கு மாசிலாவே கிண்ணத்தில் குழம்பை ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார், சாரு பாக்காம எப்பிடி டீச்சர் பந்தி வைக்க என்றார், அவர் எழுந்து உட்கார்ந்து, மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளிக் கரண்டியை எடுக்கச் சொல்லி, ஒரு சொட்டு நாக்கில் விட்டு, வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார், திறந்து, பெருவிரலை உயர்த்தி, சரியா இருக்கு மாசிலா என்று மூச்சாகச் சொன்னார், வாசல்வரை வழியனுப்பப் போனவளிடம் மாசிலா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார், டீச்சர், இதுல இன்னும் உப்பே போடல்ல, சாரு சொன்ன பெறவு போடலாம்னுதான் கொண்டாந்தேன் என்றார், கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார், உள்ளே திரும்பி வந்தவள் கத்தினாள், ஏன் கத்தினாள், நோயாளி என்றுகூடப் பார்க்காமல், ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கொற சொல்லுங்க அத்தான், உப்பு கூடன்னு சொல்லுங்க, கொறயன்னு சொல்லுங்க, தட்டத் தூக்கி மூஞ்சியில எறிங்க, இந்த நல்லா இருக்கு மட்டும் எனக்கு வேண்டாம், என்னால கேக்க முடியல, எத்தனையோ மேடையைப் பேசியே கலைத்த மனுஷர், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விரலால் மேலே காட்டி, மாடியில அந்த அடுப்பு இருக்கா என்றார், இருக்கு என்றாள், முழுக்கோழி என்றார், அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள், சேலை முடிச்சை அவிழ்த்தாள், தையல் டேப்பை எடுத்து, பிளவுசுக்கு இடுப்பளவு எடுப்பதுபோல் அடுப்பின் வயிற்றைச் சுற்றி அளந்து, எழுபத்தோரு இஞ்ச் என்று மருமகனுக்கு ஃபோனில் சொன்னாள், மாமி, எழுபத்தோரு இஞ்ச் அகலமா, நீங்க சுடப்போறது கோழியா ஒட்டகமா என்றான், ஷைலா பின்னாலிருந்து சிரிப்பது கேட்டது, வெகுநாளைக்குப் பிறகு அவளும் சிரித்தாள், குறுக்களவு சொன்னாள், படங்கள் வந்தன, அவரிடம் காட்டினாள், அவர் இரண்டு கையையும் விரித்தார், நீயே பாத்துக்க என்ற அர்த்தத்தில், தேர்ந்தெடுப்பதையே தவம் என்றவர் கையை விரித்துவிட்டாரே என்று அதற்கும் ஒருதரம் பயந்தாள், பிறகு படங்களைத் துணிக்கடையில் நிற்பதுபோல் பார்த்தாள், உருண்டைக் கம்பி வேண்டாம், ஊசி துணிக்குள் வழுகுவதுபோல் கோழிக்குள் வழுகிச் சுற்றும், கோழி நின்ற இடத்தில் நிற்கும், சதுரக் கம்பிதான் பிடிக்கும், முள்ளுக்கு நாலு பல் வேண்டும், பக்கத்துக்கு ஒரு திருகாணி, வளையம் கழுத்துப்பட்டி மாதிரிச் சிக்கென்று உட்கார வேண்டும், இடைவெளி விட்டால் புகையெல்லாம் அந்த வழியே போய்விடும், கைப்பிடி பிளாஸ்டிக் வேண்டாம், மரம், வருஷக்கணக்கில் நடந்த தவத்தை ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டு எழுந்துபோய்ப் பருப்பு அவித்தாள், மாமி, மோட்டார் இந்த ஊரு கரண்ட்டுக்குச் செஞ்சது, நம்மூரு கரண்ட்டு ரெண்டு மடங்கு, நடுவுல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்கணும், ராஜமணி மாமாட்ட சொன்னா வாங்கித் தருவாங்க என்றான் ஜெபஸ்டின், அவளும் சொன்னாள், ராஜமணி அவருடைய தம்பி, ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், அண்ணனுக்குச் சட்டைப் பையில் வெள்ளிக் கரண்டி என்றால் தம்பிக்கு டெஸ்டர், ஆராதனைக்குக்கூட அதோடுதான் வருவார், மதினி, கரண்ட்டப் பத்தி எனக்கு நேத்துப் பொறந்த பய சொல்லித் தரணுமாக்கும், நீங்க கோழிய மட்டும் பாருங்க என்றார்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வந்த ஒரு குடும்பத்தின் பெட்டியில் சாமான் வந்து சேர்ந்தது, இன்று காலையிலேயே கோழியைக் கழுவி இஞ்சி, பூண்டு, நல்லமிளகு அரைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து உள்ளும் புறமும் தடவி வைத்தாள், உப்பை மட்டும் போடவில்லை, அதை அவர் கண் முன்னால்தான் போட வேண்டும், கல் கல்லாக அவர் பார்க்கப் பார்க்கத் தேய்க்க வேண்டும், பார்த்தாலாவது நாக்குக்குப் பழைய ஞாபகம் வராதா என்று ஒரு கணக்கு, புது உப்புப் பாக்கெட்டைக் கொண்டுவந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தாள், ராஜமணி கரியைப் பற்றவைத்து இரண்டு ஓரமாக ஒதுக்கினார், நடுவில் கொழுப்பு சொட்ட ஒரு தட்டு, அவள் கோழியின் காலையும் இறக்கையையும் தையல் நூலால் இறுக்கிக் கட்டிக் கம்பியில் கோத்தாள், இரண்டு பக்கமும் முள்ளைச் சொருகித் திருகாணியை முறுக்கினாள், கம்பியை இரண்டு உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள், நெஞ்சுப் பக்கம் கனத்து ஒவ்வொரு தடவையும் தொப்பென்று கீழே விழுந்தது, புவியீர்ப்பு மையம் மதினி என்று ராஜமணி ஆரம்பித்தார், அது என்னமோ, கட்டு எளகிக் கெடக்கு என்று அவள் நூலை அவிழ்த்து இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினாள், இப்போது விழவில்லை, உப்பை எடுக்க அவள் திரும்பியபோதுதான் ராஜமணி, அண்ணன், பாத்துக்கிடுங்க, தொடங்குதோம் என்று திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுகிறவர்போல் சொல்லிக்கொண்டு, கம்பியைக் கோழியோடு தூக்கி வளையத்தில் வைத்து, மோட்டாரைச் சொருகி, சுவிட்சைத் தட்டினார், மோட்டார் வெறிபிடித்ததுபோல் ஒரு தரம் உறுமிற்று, கோழி ஒரு சுற்று சுற்றிற்று, நீலமாக ஒரு புகை வந்தது, பிறகு மாடியிலும் கீழேயும் ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாச் சத்தமும் நின்றுபோயிற்று, கரி மட்டும் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது, இந்த வீட்டில் கரண்ட் வைத்துக் கருகியது இது இரண்டாவது என்று அவளுக்குத் தோன்றியதை அவள் சொல்லவில்லை, ராஜமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மோட்டாரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார், இரண்டாம் தரமும் படித்தார், டிரான்ஸ்ஃபார்மர் வேணும்னு சொன்னேனே தம்பி என்றாள், சொன்னிய மதினி என்றார், டெஸ்டர் சட்டைப் பையில் தலைகுனிந்து இருந்தது, அவள் ஓடிப்போய்த் துணியால் பிடித்து மோட்டாரைக் கழற்றி எறிந்தாள், கரி நல்ல சிவப்பில் இருக்கிறது, இனி அணைத்துப் பிறகு ஆரம்பிக்க முடியாது, நாளைக்கு டாக்டர், மூடியைத் தூக்கி மூடினாள், கைப்பிடியைப் பிடித்தாள்.

அப்போது பிடித்ததுதான், நடுவில் ராஜமணி பிராயச்சித்தம்போல் வாங்கிச் சுற்றினார், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற வேகம், கோழிக்குத் தல சுத்தும், பைய தம்பி என்று மறுபடி வாங்கிக்கொண்டாள், தோள் கடுக்கிறது, புகை கண்ணைக் கரிக்கிறது, கைப்பிடி சுற்றச் சுற்ற அது தையல் மெஷினின் சக்கரமாகிறது, மெஷினில் நீளமாக ஒரு வெள்ளைத் துணி ஓடுகிறது, அசனப் பந்திக்கு விரிக்கிற துணி, அதன் இரண்டு பக்கமும் ஊரே உட்கார்ந்திருக்கிறது, யார் இலையிலும் ஒன்றுமில்லை, எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள், அவர் முகத்தில் பிளாஸ்டிக் வலை பூட்டியிருக்கிறது, வலைக்குள்ளிருந்து பேசுகிறார், மைக்கில் சத்தம் வரவில்லை, அவரைச் சுற்றி அண்டாக்கள் மெல்ல மெல்ல நகர்ந்து வருகின்றன, உப்பு எங்க, உப்ப எங்க வச்சேன் என்று அவள் முந்தானையைத் தட்டித் தட்டித் தேடுகிறாள், நேசம் என்று யாரோ கூப்பிடுகிறார்கள், நேசம், கண்ணைத் திறந்தால் அவர்தான், கழுத்துத் துண்டை எடுத்து ஸ்டூலின் மேல் போட்டுவிட்டு எழுந்து, நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்து அடுப்பின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருக்கிறார், கையை நீட்டுகிறார், வேண்டாம் அத்தான், அனலு அடிக்கும், தொண்டைக்கு ஆகாது என்கிறாள், விடு என்கிறார், அவள் கை கைப்பிடியிலிருந்து விலகுமுன் அவர் கை அதன்மேல் வந்துவிட்டது, வாட்ச் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரைக்கும் சரிகிறது, மெல்லச் சுற்றுகிறார், ஒரே சீராக, மூச்சு விடுகிற வேகத்தில், பழைய மோட்டாரு, ஆனா எந்த ஊரு கரண்ட்டுக்கும் ஓடும் என்று காற்றாகச் சொல்லித் தம்பியைப் பார்க்கிறார், ராஜமணி ஒரு தரம் சிரித்துவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்துகிறார், கொழுப்பு தட்டில் விழுகிற சத்தம் கேட்கிறது, பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை, நாகரிகத்தைப் பற்றிக்கூட.

மூடியைத் திறந்தபோது கோழி தேங்காய்ச் சிரட்டையின் நிறத்தில் பளபளவென்று இருந்தது, எந்தப் பக்கமும் கருகவில்லை, அவள் கோழியைக் கம்பியிலிருந்து உருவி இறக்கி, கம்பியை மறுபடி வளையத்தில் வைத்து, நூலை வெட்டி, தொடைக் கறியைப் பிய்த்து, தட்டில் விழுந்த கொழுப்பில் தோய்த்து நனைத்து, விழுங்கத் தண்ணீரும் பக்கத்தில் வைத்து அவர் மடியில் தட்டைக் கொடுத்தாள், அவர் ஒரு துண்டை வாயில் வைத்தார், மென்றார், தாடை மெல்ல அசைந்தது, தண்ணீர் ஒரு மிடறு, கண்ணை மூடினார், பழையபடி, மாதக்கணக்கில் மூடாத கண், அவள் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள், ராஜமணி இறக்கை ஒன்றை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார், கண் திறந்தது, உப்பு என்றார் அவர், என்ன அத்தான், என்ன சொல்லுதிய என்றாள், உப்பு கூடிட்டு நேசம், ஒரு கல்லு கூட, அவள் கையிலிருந்து கத்தி தரையில் விழுந்தது, யேசப்பா என்றாள், கூடிட்டா, நெசமாவா, நாக்குல தெரியுதா, தம்பி, கேட்டியளா, அண்ணனுக்கு உப்பு தெரியுது, தம்பி, ராஜமணி இறக்கையைக் கடித்து மென்றுகொண்டிருந்தார், மெல்வது நின்றது, மதினி, இதுல என்று வாய் திறந்தார், அண்ணன் அவரைப் பார்த்தார், ஒரு பார்வைதான், ராஜமணியின் வாய் திறந்தபடியே இருந்தது, வாழ்நாளில் தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் அந்த வாய் மூடியதில்லை, மூடிற்று, விழுங்கிற்று, ஆமா மதினி, கூடத்தான் செய்யி, ஒரு கல்லு என்றார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு.

அவள் சிரித்தபடி, அழுதபடி, நெஞ்சுக் கறியில் ஒரு இணுக்கு பிய்த்து வாயில் போட்டாள், மிளகு இருந்தது, பூண்டு இருந்தது, எலுமிச்சையும் புகையும் இருந்தன, வேறொன்றும் இல்லை, நாக்கு தேடிற்று, மறுபடி ஒரு இணுக்கு, வேறொன்றும் இல்லை, அவர் உதட்டோரம் கொழுப்பு வழிகிறது, துடைக்கலாம் என்று ஸ்டூலில் கிடந்த துண்டை எடுத்தாள், அடியில் உப்புப் பாக்கெட் இருந்தது, வாங்கி வந்தபடியே, மூலைகூட வெட்டாமல், அவர் எழுந்து வரும்போது துண்டை அவிழ்த்து அங்கே போட்டிருக்கிறார், வெறுமனே போடவில்லை, விரித்துப் போட்டிருக்கிறார், அவள் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அண்டாவுக்கு மேல் இரண்டு தடவை ஆடிய மாசிலாவின் வெறுங்கை தெரிந்தது, வெள்ளிக் கரண்டியும் மூடிய கண்ணும் தெரிந்தன, இப்ப சரி என்று அவர் சொன்னதும் கொட்டகையே உள்ளுக்குள் சிரித்ததும், அதெல்லாம் அவருக்கு அன்றைக்கே தெரியுமோ, தெரிந்துதான் வருஷா வருஷம் இப்ப சரி என்றாரோ, யாரிடம் கேட்க, துண்டின் ஒரு முனையால் அவர் உதட்டைத் துடைத்தாள், துடைத்துவிட்டு அதைப் பழையபடி ஸ்டூலின் மேல் விரித்துப் போட்டாள், ஆமா, என்னைக்கு என் உப்பு ஒங்களுக்குச் சரியா இருந்திருக்கு, ஊருல ஒங்களுக்கு மட்டுந்தான் நாக்கு, பேசாமத் தின்னுங்க என்றாள், அவர் தின்றார், ஒன்று, அடுத்து இன்னொன்று, ஒவ்வொரு துண்டுக்கும் தண்ணீர், ஒவ்வொரு துண்டுக்கும் தொண்டை வலியில் கண் ஒரு தரம் சுருங்கியது, ருசியில்லாத ஒன்றை வேலைபோல் மென்று மென்று விழுங்கினார், தொடை முழுக்கத் தீர்ந்தது, நாளைக்கு டாக்டரிடம் சொல்லலாம், வாயால் சாப்பிடுகிறார் டாக்டர், குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறார், மனசாரச் சொல்லலாம், சாப்பிடும்போது அவருடைய இடது கை கைப்பிடிக்கே திரும்பப் போயிருந்தது, பழக்கத்தில் அது சுற்றிக்கொண்டே இருந்தது, மூடி திறந்து கிடக்கிறது, உள்ளே எல்லாம் தெரிகிறது, சாம்பல் பூத்த கரி, அதற்கு மேல் கோழியில்லாத சதுரக் கம்பி, வெறுமனே சுற்றுகிறது, அத்தான், கோழிய எறக்கியாச்சு, விடுங்க என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல், அவர் கைமேல் தன் கையை வைத்து அந்த வேகத்துக்கே சேர்ந்து சுற்றினாள்.